நூறு சதவீத ஒத்திசைவு

வால்வக்கா கேட்டது ஒரே ஒரு காரியம்தான். மாடியில் தன் மேசைக் கம்ப்யூட்டரில் அவள் எழுதி வைக்கிற குறிப்பு, கீழே புகார் ஜன்னலில் இருக்கும் கம்ப்யூட்டரிலும், இரண்டு தெரு தள்ளிப் பம்ப் அறையில் இருக்கும் கம்ப்யூட்டரிலும் தெரிய வேண்டும். இதை மூன்று வரியில் மனுவாக எழுதி மேலிடத்துக்கு அனுப்பினாள். பதினோரு வருஷ உத்தியோகத்தில் தான் செய்த ஒரே தப்பு அதுதான் என்று பிற்பாடு தன் தங்கையிடம் சொல்லிக்கொண்டாள்.

அவளுக்கு வேறு பெயர் உண்டு. குடிநீர் வாரியத்தின் அந்தக் கிளை அலுவலகத்தில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஊரில் மண்ணுக்கடியில் நானூற்றுப் பன்னிரண்டு வால்வுகள் இருந்தன. எது எங்கே புதைந்து கிடக்கிறது, எதை எந்தப் பக்கம் திருப்பினால் மூடும் என்பதற்கு வரைபடம் எதுவும் கிடையாது. ஒரு வரைபடம் இருந்ததாகவும், அதன் மேல் யாரோ ஒரு அதிகாரி சாப்பிட்டதாகவும் பேச்சு. அதனால் குழாய் வெடிக்கும் போதெல்லாம் இவளே ஆட்களோடு போய்க் குழிக்குப் பக்கத்தில் நின்று பார்த்து, திரும்பி வந்து குறிப்பு மென்பொருளில் ஏற்றிவிடுவாள். எல்லாம் ஒரே நீளக் குறிப்பு. "பேக்கரிச் சுவரிலிருந்து நாலடி. தார் போட்டபோது மூடிவிட்டார்கள், கடப்பாரை எடுத்துப் போகவும்." "மகப்பேறு மருத்துவமனை எதிரே: ஊரில் மற்றதெல்லாம் வலது பக்கம் திருப்பி மூடுவது, இது மட்டும் இடது. மாற்றித் திருப்பினால் தண்டு முறியும்."

வெள்ளிக்கிழமைதோறும் இந்தக் குறிப்பைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு பம்ப் அறைக்கு நடப்பாள். அங்கே இருப்பவனுக்கு மோட்டார் என்று பெயர். இருபது வருஷம் மோட்டார் சத்தத்தில் நின்று முக்கால்வாசிக் காது போனவன். தனக்குக் கேட்காததால் ஊருக்கே கேட்கும்படி பேசுவான். அவன் ரகசியம் சொன்னால் அடுத்த தெருவில் ஜன்னல் திறக்கும். கல்யாணமாகி இரண்டு பெண் குழந்தைகள். வால்வைத் திருப்புவது அவன் வேலை. எந்தப் பக்கம் என்று சொல்வது அவள் குறிப்பு. பதினோரு வருஷத்தில் இருவருக்கும் ஒரு தடவைகூடத் தண்ணீர் தவறிப் போனதில்லை.

மனு போட்டுப் பதினாலாம் மாதம் பதில் வந்தது. கடிதமாக வரவில்லை, வேனில் வந்தது. வேனிலிருந்து ஒத்திசைவு அலுவலர் ஒருவரும், இரண்டு உதவியாளர்களும், ஒரு பித்தளை மணியும், சுருட்டிய பேனரும் இறங்கினார்கள். ஒன்றில் எழுதினால் மற்றதிலும் தானாக வந்துவிடும் ஏற்பாட்டுக்கு ஒத்திசைவு என்று பெயராம். அதற்கென்றே மேலிடத்தில் தனி இயக்ககம் தொடங்கிவிட்டார்களாம்.

முதல் அரை மணி நேரம் நாற்காலிக்குப் போயிற்று. அலுவலகத்தின் தலைமையில் இருந்த பெரிய பொறியாளருக்கும் ஒத்திசைவு அலுவலருக்கும் யார் பதவி உயர்ந்தது என்று வாக்குவாதம். கடைசியில் அலுவலர் அரைப்படி உயர்ந்தவர் என்று மேலிடத்திலிருந்து போனில் சொன்னார்கள். அவர் நாற்காலிக்கடியில் ஒரு பலகை வைக்கப்பட்டது. அதன் மேல் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்.

"இத்தனை நாளா உங்க ஆபீஸ்ல நாலு கம்ப்யூட்டர்ல நாலு உண்மை இருந்திருக்கு. கேக்கவே கூச்சமா இருக்கு. இனிமே ஒரே உண்மைதான். அது எதுன்னு நாங்க சொல்லுவோம். அது சரியா தப்பான்னு யாரும் போட்டுக் குழப்பிக்க வேண்டாம். ஒரு இடத்துல தப்பா இருந்தாத்தான் தப்பு. எல்லா இடத்துலயும் ஒரே மாதிரித் தப்பா இருந்தா அதுக்குப் பேரு கொள்கை."

கைதட்டினார்கள். வால்வக்கா எழுந்து, "சார், எங்க வீட்ல தங்கச்சி போன்ல எழுதினா அவ லேப்டாப்ல அப்பவே வந்துடுது. அந்த மாதிரி ஒண்ணு போட்டுக் குடுத்தாப் போதும்" என்றாள்.

அலுவலர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "அப்பவே வர்றதுக்குப் பேரு ஒத்திசைவு இல்லம்மா. அது கட்டுப்பாடில்லாத பரவல். உங்க கையில என்ன அது?"

"பென் டிரைவ் சார். குறிப்போட நகல்."

"நகலா? அப்ப ரெண்டாவது உண்மை. குடுங்க இங்க."

அதை ஓர் உறையில் போட்டு, அரக்கு வைத்து, சாட்சிக் கையெழுத்து இரண்டு வாங்கி, வராந்தாவில் வைத்துச் சுத்தியலால் நசுக்கினார்கள். பிறகு உறை மட்டும் கோப்பில் பத்திரப்படுத்தப்பட்டது.

மறுநாளிலிருந்து ஒத்திசைவு நடந்தது. காலை பதினோரு மணிக்கு உதவியாளர் மணி அடிப்பார். எல்லாரும் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துத் தலைக்கு மேல் தூக்க வேண்டும். புகார் ஜன்னலுக்கு வெளியே நிற்கிறவர்களும் தூக்க வேண்டும். மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லை என்று சொல்ல வந்தவர் குடத்தோடு தூக்கினார். அதன் பிறகு, 'என் குறிப்பும் பிறர் குறிப்பும் ஒன்றே என மனமார உறுதி கூறுகிறேன்' என்ற படிவத்தில் ஆளுக்கு நான்கு கையெழுத்து. படிவங்கள் வேனில் ஏறித் தலைமை அலுவலகம் போய், ஒப்புதலோடு திரும்பும்போது பிற்பகல் மூன்றரை மணி ஆகிவிடும். அதுவரை யாரும் எதையும் தொடக்கூடாது. ஒரு நாள் புகார் ஜன்னல் எழுத்தர் தும்மியதில் விரல் பட்டு ஒரு காற்புள்ளி விழுந்துவிட்டது. அந்தக் காற்புள்ளி எழுத்தருடையதா, தும்மலுடையதா என்று முடிவுகட்ட நான்கு நாள் குழு உட்கார்ந்தது. அது தும்மலுடையதே என்றும், தும்மலுக்குப் பதவி இல்லாததால் அது செல்லாது என்றும் தீர்ப்பாயிற்று.

ஏனென்றால் இயக்ககத்தின் விதிப் புத்தகத்தில் ஏழாவது விதி அப்படி. 'இரண்டு குறிப்புகள் மோதினால், பதவியில் உயர்ந்தவரின் குறிப்பே உண்மை.'

நாலாவது கம்ப்யூட்டர் பெரிய பொறியாளரின் அறையில் துணி போர்த்திக் கிடந்தது. அதையும் இணைத்தார்கள். அவர் முப்பது வருஷம் கோப்பு பார்த்தவர். எந்தக் காகிதம் எதிரே வந்தாலும் மேலே 'பார்த்தேன்' என்று எழுதித் தள்ளுவது அவருக்குக் கை வழக்கம். திரையில் வால்வக்காவின் நீளக் குறிப்பு வந்து நின்றது. எங்கே எழுதுவது என்று தெரியாமல் சுட்டியை மேலிருந்து கீழ்வரை இழுத்தார். பக்கம் முழுக்க நீலமாயிற்று. அவருக்கு நிறம் பிடித்திருந்தது. 'பார்த்தேன்' என்று தட்டினார். மணி சரியாகப் பதினொன்று.

மூன்றரை மணிக்கு நான்கு கம்ப்யூட்டரிலும், ஓர் எழுத்துக்கூட மாறாமல், 'பார்த்தேன்' என்று இருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு வால்வுகளைக் காணவில்லை.

வால்வக்கா படியில் ஓடினாள். செருப்பு ஒன்று மாடியிலேயே தங்கிவிட்டது.

"சார், என் குறிப்பு மொத்தமும் போயிடுச்சு சார்!"

"போகலம்மா. ஒத்திசைஞ்சிருக்கு." அலுவலர் முகம் மலர்ந்திருந்தது. "நாலு இடத்துலயும் ஒண்ணு போல இருக்கு பாருங்க. இந்த மாதிரி நான் எங்கயுமே பார்த்ததில்ல."

"பதினோரு வருஷம் சார் அது. பழைய பிரதி ஏதாவது..."

"நீங்களே சொல்லுங்க. பழசையும் வெச்சுக்கிட்டு புதுசையும் வெச்சுக்கிட்டா அதுக்கு இயக்ககம் எதுக்கு?"

"எனக்கு ஞாபகம் இருக்கறதையாவது திரும்ப எழுதிடறேன்."

"எழுதுங்க, தாராளமா. ஆனா அது மோதும். பெரியவர் எழுதினதோட நீங்க எழுதினது மோதினா எது நிக்கும்னு உங்களுக்கே தெரியும்."

எழுதித்தான் பார்த்தாள். பேக்கரி, தபால் நிலையம், மேம்பாலத்தடி என்று ஞாபகத்தைக் கிண்டி நாற்பது வால்வு எழுதினாள். மறுநாள் மூன்றரை மணிக்கு 'பார்த்தேன்' என்று வந்தது. அடுத்த நாளும் எழுதினாள். அடுத்த நாளும் வந்தது.

பன்னிரண்டாம் நாள் காலை ஒன்பதரைக்கு மகப்பேறு மருத்துவமனை எதிரே பெரிய குழாய் வெடித்தது. வால்வக்காவை அன்று முப்பது மைல் தள்ளி ஒத்திசைவுப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். கையை எந்த உயரத்துக்குத் தூக்குவது என்று கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மோட்டார் பம்ப் அறைக் கம்ப்யூட்டரைத் திறந்தான். 'பார்த்தேன்' என்று இருந்தது. இரண்டு தடவை மூடித் திறந்தான். பிறகு வால்வைத் திருப்பும் சாவிக் கம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். ஊரில் எல்லா வால்வையும் திருப்புவது போல வலது பக்கம் திருப்பினான். தண்டு முறிந்தது. இனி அதைத் திறக்கவும் முடியாது, மூடவும் முடியாது.

வால்வக்காவின் தங்கை அந்த மருத்துவமனையில்தான் நர்ஸ். பயிற்சி அறைக்குப் போன் வந்தது.

"அக்கா, கீழ் வார்டுல தண்ணி கட்டில் கால் வரைக்கும் ஏறிடுச்சு. குழந்தைங்களை ரெண்டு ரெண்டா தூக்கிக்கிட்டு மாடி ஏறிட்டு இருக்கோம். லிஃப்ட் நின்னுடுச்சு. எதையாவது மூடுங்கக்கா!"

"இடது பக்கம்! இடது பக்கம் திருப்பச் சொல்லு!" என்று வால்வக்கா கத்தினாள். திருப்ப எதுவும் மிச்சமில்லை என்று அவளுக்கு அப்போது தெரியாது.

பத்தொன்பது பச்சைக் குழந்தைகளும் தாய்மார்களும் மாடிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். யாரும் சாகவில்லை. அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாம் நாளான ஒருத்தி படியில் விழுந்து தையல் பிரிந்து, மறுபடி அறுவை மேசைக்குப் போனாள். தங்கை அன்று வீட்டுக்கு வந்ததும் ஈரத் துணியோடு சுவரில் சாய்ந்து, தன் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். வால்வக்கா அவளுக்குத் துண்டு எடுத்துக் கொடுத்தாள். அந்தத் துண்டைக் கொடுத்த நேரத்தில்தான் அவளுக்குள் ஏதோ ஒன்று குளிர்ந்து கெட்டியானது.

விசாரணை நடந்தது. ஒத்திசைவு அலுவலரே விசாரித்தார்.

"சம்பவ நேரத்துல குறிப்பு நல்ல நிலையில இருந்திருக்கு. நாலு இடத்துலயும் ஒரே மாதிரி இருந்ததுக்கு அத்தாட்சி இருக்கு. குறிப்புல தெளிவா 'பார்த்தேன்'னு இருக்கு. மேலதிகாரி பார்த்திருக்கார். நீ பார்த்தியா?"

மோட்டாருக்கு எதுவும் கேட்கவில்லை. பெரியவர்கள் கேட்டால் சொல்வது போல, "சரிங்க!" என்று ஜன்னல் அதிரச் சொன்னான்.

"பார்க்காம திருப்பியிருக்கே."

"சரிங்க!"

"குற்றத்தை ஒப்புக்கறான். எழுதிக்கோங்க."

மோட்டார் சஸ்பெண்ட் ஆனான். தினமும் காலையில் புகார் ஜன்னலில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும் என்று உத்தரவு. வால்வக்காவுக்குக் குறிப்பைச் சரியாகப் பராமரிக்காதது ஏன் என்று மெமோ.

மெமோவுக்குப் பதிலை அவர் மேசையில் வைக்கப் போனபோது அலுவலர் போன் பேச வெளியே போயிருந்தார். அவருடைய லேப்டாப் திறந்து, அவள் பக்கம் பார்த்து நின்றது. அதே குறிப்பு மென்பொருள். அவள் படித்தது நாலைந்து வரிதான். படித்துவிட்டுப் பதிலை மேசை மேல் வைத்து, பேப்பர் வெயிட்டையும் நேராக வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

அன்றிலிருந்து மூன்று நாள், எண்பத்தாறு பக்க விதிப் புத்தகத்தை வரி விடாமல் படித்தாள்.

"என்னக்கா, பரீட்சையா?" என்றாள் தங்கை.

"ஆமா. ஆனா எழுதப் போறது நான் இல்ல."

நாலாம் நாள் அலுவலரிடம் போனாள். கையைக் கட்டிக்கொண்டாள். குரலில் தேன் தடவிக்கொண்டாள்.

"சார், அடுத்த வாரம் வாரியத் தலைவர் வந்து உங்களுக்கு விருது குடுக்கறாராமே. ஊரே பேசுது. ஒரே ஒரு சின்ன விஷயம்தான் மனசை உறுத்துது."

"என்ன?"

"இந்த ஆபீஸ்ல அஞ்சு கம்ப்யூட்டர் சார். நாலுதான் ஒத்திசைஞ்சிருக்கு. அஞ்சாவது உங்க லேப்டாப். அஞ்சுக்கு நாலுன்னா எண்பது சதவீதம். யாராவது கணக்குப் போட்டு மொட்டைக் கடிதாசி போட்டுட்டா? முப்பத்தோராவது விதியில, 'எவ்வளவு உயர்ந்தவருடையதாயினும் விலக்கல்ல'ன்னு நீங்களே எழுதியிருக்கீங்க."

எண்பது என்ற எண் அவர் முகத்தில் அறைந்தது. உதவியாளர் மட்டும் தயங்கினார். "சார், உங்க சொந்தக் குறிப்பெல்லாம் அதுல..."

"அதெல்லாம் அதுவே பிரிச்சுக்கும்யா. இயக்ககத்துல இருந்துக்கிட்டு இதுகூடத் தெரியலையா உனக்கு?" என்றார் அலுவலர். "நூறு சதவீதம். தலைவர் கையாலயே பட்டனை அழுத்த வெச்சுடுவோம். பெரிய திரை போடுங்க. புகார் ஜன்னல் கம்ப்யூட்டரையும் வெளியே திருப்பி வையுங்க. மக்களும் பார்க்கட்டும்."

"நல்ல யோசனை சார்" என்றாள் வால்வக்கா.

விழா நாளில் மாடிக் கூடம் நிரம்பியது. கீழே ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் வராதவர்கள் இருபது பேர் நின்றார்கள். அவர்களோடு கையெழுத்துப் போட வந்த மோட்டாரும் நின்றான். தலைமை அலுவலக ஒப்புதலை அன்று முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தார்கள். மணி அடித்தது. எல்லாரும் கையைத் தூக்கினார்கள். தலைவர் பட்டனை அழுத்தினார்.

அரைப்படி உயர்ந்தவரின் குறிப்பு, அரைப்படி தாழ்ந்தவரின் 'பார்த்தேன்' மேல் மோதியது. ஏழாவது விதி தன் வேலையைச் செய்தது. ஐந்து கம்ப்யூட்டரிலும் பெரிய திரையிலும் ஒரே உண்மை எழுந்து நின்றது.

'விருது: பரிந்துரை நானே எழுதியாகிவிட்டது. தலைவர் படிக்காமல் கையெழுத்துப் போடுவார், பழக்கம்தான்.

தலைவர் பேச ஆரம்பித்தால் நிற்காது. மூன்றாவது நிமிஷம் கைதட்டி உட்கார வைக்கவும்.

மருத்துவமனை விஷயம், யார் மேல் போடுவது: நான் — கூடாது. பெரிய பொறியாளர் — என் மச்சானுக்கு வேலை போட்டுக் கொடுத்தவர். மோட்டார் — காது கேட்காது, கேட்க நாதியும் இல்லை. சரி.

வால்வுப் பொம்பளைக்கு மெமோ. அழுதால் விட்டுவிடலாம்.

ஒத்திசைவு என்றால் என்ன என்று யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.'

கூடத்தில் எல்லாரும் மனசுக்குள் படித்தார்கள். ஆனால் கீழே ஜன்னலுக்கு வெளியே ஒருவன் இருந்தான். காதுதான் கேட்காது, கண் நன்றாகத் தெரியும். அவன் படித்தான். எழுத்துக் கூட்டி, மோட்டார் சத்தத்துக்கு மேல் எழும்பிப் பழகிய குரலில், முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தான். தெருவில் போன வண்டிகள் நின்றன. 'காது கேட்காது' என்ற இடத்தில் சற்று நிறுத்தினான். அப்புறம் 'நாதியும் இல்லை' என்பதை முன்னைவிட உரக்கப் படித்தான்.

"அழி! அழி!" என்று அலுவலர் பாய்ந்தார்.

வால்வக்கா குறுக்கே நின்றாள். இரண்டு கையும் இன்னும் தலைக்கு மேல்தான் இருந்தன.

"முடியாது சார். ஒத்திசைஞ்சதை நாளைக்குப் பதினோரு மணி வரைக்கும் அழிச்சா குற்றம். நாற்பத்தி நாலாவது விதி."

"மின்சாரத்தைப் பிடுங்குங்க!"

பிடுங்கினார்கள். ஒத்திசைவு நடுவில் நிற்கக்கூடாது என்று அவரே வாங்கி வைத்த பேட்டரிகள் கீச்சுக் கீச்சென்று உயிர் பெற்றன. திரை முன்னைவிடப் பளிச்சென்று எரிந்தது.

"என்னம்மா இது?" என்று அவர் கெஞ்சும் குரலில் கேட்டார்.

"நூறு சதவீதம் சார்" என்றாள்.

தலைவர் அன்று பேசினார். நாற்பது நிமிஷம் பேசினார். யாரும் கைதட்டவில்லை.

மோட்டாரின் சஸ்பென்ஷன் சாயங்காலமே ரத்தானது. அறுவை சிகிச்சை தையல் பிரிந்தவளின் வீட்டுக்குப் பெரிய பொறியாளர் நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும், பிறகு நீண்ட விடுப்பில் போக வேண்டும் என்றும் உத்தரவாயிற்று. ஒத்திசைவு அலுவலருக்குத் தனி உத்தரவு. காணாமல் போன நானூற்றுப் பன்னிரண்டு வால்வுகளையும் அவரே தெருத் தெருவாகப் போய், தோண்டி, கண்ணால் கண்டு, குறிப்பெடுக்க வேண்டும். ஆள் கேட்டு எழுதினார். ஒத்திசைவு இயக்ககத்தின் பணியிடப் பட்டியலில் தோண்டுபவர் என்று ஒரு பதவி இல்லை என்றும், பட்டியலை அவரே தயாரித்ததாகவும் பதில் வந்தது. வழிகாட்ட வால்வக்காவை மட்டும் அனுப்பினார்கள்.

வெயில் மண்டையைப் பிளக்கும் பகல். சைக்கிள் கடை இருக்கும் தெரு. அலுவலர் சட்டைக் கையை மடக்கிவிட்டுக் கடப்பாரையைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். கால் சட்டை முழங்கால்வரை சேறு. வால்வக்கா குடை பிடித்துக்கொண்டு நின்றாள். மோட்டார் பக்கத்தில் நின்றான். அதுவரை கிடைத்தது நாலே வால்வு. அன்றைக்கு இது மூன்றாவது குழி. முதல் இரண்டு குழியிலும் கல்தான் இருந்தது.

"இங்கேதானாம்மா?" என்றார் அலுவலர், மூச்சு வாங்க.

"இங்கதான் இருக்கும் சார். இன்னும் ஒரு அடி போய்ப் பாருங்க."

மோட்டார் அவள் காதருகே குனிந்தான். ரகசியமாகச் சொல்வதாக அவனுக்கு நினைப்பு.

"அக்கா! வால்வு அந்தப் பக்கம்! கடைக்குப் பின்னாடி! நானே போன வருஷம் திருப்பியிருக்கேன்!"

தெரு முழுக்கக் கேட்டது. சைக்கிள் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். குழிக்குள் கடப்பாரை அப்படியே நின்றது. அலுவலர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

வால்வக்காவும் அவரைப் பார்த்தாள். பிறகு மோட்டாருக்குக் கேட்க வேண்டுமே என்று, அவளும் உரக்கவே சொன்னாள்.

"தெரியும் தம்பி."

குடையைச் சற்று இறக்கி, முகத்தில் வெயில் படாமல் சரிசெய்துகொண்டாள். "ம், தோண்டுங்க சார். இன்னும் நானூற்றி எட்டு பாக்கி."